காற்று கனக்கும் இறக்கம்

எல் ஆல்ட்டோவில் அது வெடிக்கவில்லை.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பழி முழுக்க ரோமுலோமேல் விழ வேண்டாம்.

நாலாயிரம் மீட்டருக்கு மேலே
காற்றுக்கே தட்டுப்பாடு.
பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் எஞ்சினுக்கு உறைக்காது.
அரை வயிற்று வீட்டில்
அரை வயிறுதான் வயிறு.

சைலன்சரை அறுக்கச் சொன்னது நான்.
யுங்காஸ் சாலையில் வளைவுக்கு அந்தப்பக்கம் வரும் லாரிக்கு
நான் இருப்பது
காதிலாவது விழட்டுமே.
தம்பி ஒரு தண்ணீர்க்குழாயை வளைத்துப் பற்றவைத்தான்.
கார்புரேட்டரைத் தொடவில்லை.
பாடுது பார், என்றான்.
பாடத்தான் செய்தது.

பெட்டியில் பதினோரு செட் பற்கள்.
என் கையால் வார்த்து, பஞ்சில் சுற்றி, பெயர் எழுதியவை.
தோன் அர்செனியோ, மேல்வரிசை மட்டும்.
டோன்யா வெனான்சியா, முழு செட்,
முன்பல் கொஞ்சம் விலகியிருக்க வேண்டுமாம், பழைய மாதிரியே.
கரானவியில் ஈறுகள் காத்திருந்தன.

கணவாய் தாண்டி இறங்கினேன்.
பனி. பாசி. பிறகு, நம்பவே முடியாமல், வாழை.
காது அடைத்துத் திறந்தது.
ஆக்சிலேட்டரை விட்டபோது
பின்னால் யாரோ கைதட்டினார்கள்.
திரும்பினால் சாலைதான்.

டப்.
டப்டப்.
ஒவ்வொரு வளைவிலும் காற்று தடிக்கத் தடிக்க
வண்டி இளைத்துக்கொண்டே வந்தது.
கைப்பிடியை முறுக்கினால் இழுக்கவில்லை,
விட்டால் வைதது.

பாலத்தடியில் மறியல்.
சாலை நெடுகக் கல், டயர், கன்னத்தில் கோக்கா அதக்கிய ஆட்கள்.
மரியாதையாக வேகத்தைக் குறைத்தேன்.
டமார்.
நாற்பது பேர் தரையில்.
சூப்புப் பானை ஒன்று தனியே உருண்டது.
பிறகு, தோப்புக்குள்ளிருந்து,
எவனோ பதிலுக்கு ஒரு நிஜ வெடியைப் போட்டான்.

சுரங்கத்துக்காரியா?
பல் செய்கிறவள்.
பெட்டியைத் திறந்து காட்டினேன். பதினோரு சிரிப்பு.
தலைவர் நெடுநேரம் பார்த்தார்; அவருக்குக் கீழ்வரிசை இல்லை.
போ. ஆனால் தள்ளிக்கொண்டு போ, என்றார்.

அடுத்த ஊரில் லிட்ஸி கொண்டோரி
பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தாள்.
வெள்ளை.
நக்கிவைத்த கோழியெலும்பின் வெள்ளை.
எஞ்சினை ஒட்டிய குழாய் கிளிக்கழுத்தாய் நீலம் பாய்ந்திருந்தது.
பட்டினி போட்டிருக்கிறீர்கள், என்றாள்.

பட்டினி கிடப்பதா இப்படிச் சத்தம் போடும்?
ஆமாம். தீ சரியாகப் பிடிப்பதில்லை.
அறைக்குள் எரியாதது
வெளியே போகிற வழியில் எரிகிறது.

ஆகஸ்ட்டிலிருந்து ரோமுலோ தராத வாடகையை
நான் மேசையில் கேட்டதே இல்லை.
கதவைத்தான் அறைந்திருக்கிறேன்.
இதை லிட்ஸியிடம் சொல்லவில்லை;
அவள் ஸ்பானர் தேடிக்கொண்டிருந்தாள்.

நூற்றிரண்டாம் ஜெட்டை எடுத்து
நூற்றுப் பன்னிரண்டைப் போட்டாள்.
குழாய் இணைப்பில் காற்றை உறிஞ்சிய இடுக்கைப் பசை வைத்து அடைத்தாள்.
இரண்டு ஜெட்டையும் வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தேன்:
ஒன்றில் ஒரு சூரியன்,
மற்றதில் மயிரிழை பெரிய சூரியன்.

திரும்ப மேலே ஏறினால்?
மூச்சு முட்டும். கறுப்பாகப் புகையும். பழையதை மாட்டிக்கொள்ளுங்கள்.
இரண்டு இடத்துக்கும் ஒன்றாக?
அவள் கையைத் துடைத்தாள்.
ஒரே உயரமாக, கடலோரம் குடிபோங்கள்.
நமக்குத்தான் கடல் கிடையாதே.
அதற்கு நான் ஜெட் விற்பதில்லை.

கரானவிவரை ஒரு வெடியும் இல்லை.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

டோன்யா வெனான்சியா பஞ்சைப் பிரித்தார்,
மாட்டினார், கடித்தார், கண்ணாடியில் விலகலைச் சரிபார்த்தார்.
பஞ்சுக்குள் மிச்சமிருந்த
பித்தளைத் துணுக்கை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்தப் பல் வேண்டாம் மகளே, என்றார்,
இதில் ஓட்டை விழுந்திருக்கிறது.