சத்தமில்லாத வண்டி

எர்ணாவூர் மேம்பாலத்தில்
பின்னால் வந்த லாரிக்காரன் கேட்டான்:
"இன்னாக்கா, தள்ளிக்கினா போற?"
பியூலாவின் புது ஆட்டோவுக்குச் சத்தமில்லை.
புகையுமில்லை.
எண்பத்திரண்டு சதவீதம் என்கிறது திரை.

ராத்திரி காட்டுக்குப்பத்தில்
ஜன்னல் வழியே ஒயர் இழுத்து சார்ஜ் போடுவாள்.
விடிந்தால் முன்கண்ணாடியில்
விரலால் பேர் எழுதலாம்,
அவ்வளவு சாம்பல்
அக்கரை அனல்மின் நிலையத்திலிருந்து.

நேற்று ஓட்டியதன் மிச்சம்தானே.
துடைத்துப் பிழிகிறாள்.

முழங்கால் ஆழமே மீந்த ஆற்றில்
வலையோடு நிற்கிறான் அண்ணன்:
"உன் வண்டி புகையே வுடாதாமே?"

"வுடும்.
நம்ம ஊட்டாண்ட வுட்டுட்டுதான்
பாரிமுனைக்குப் போவும்."

சிரித்துவிட்டாள்.
பிறகு ஒயரைச் சுருட்டியபடி,
தனக்கே கேட்கிற மாதிரி:

ஆரல்வாய்மொழிக் காத்து
இதுக்குள்ள வர
இன்னும் எத்தினி நாளாவும்?