வேலையை விட்ட காரணம்

செவ்வாய்ப்பேட்டை வங்கி. சூரமங்கலத்தில்
வெல்டிங் பட்டறை வைக்கக் கடன் மனு.
ஒன்பதாவது கட்டம்:
முந்தைய வேலையை விட்ட காரணம்.
அதற்கு விட்டிருந்த இடம் நாலு விரற்கடை.

புரட்சி என்று எழுதினேன்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரோடு போட்டான், அணை கட்டினான்,
பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தான்.
அந்த ராஜாவிடம் என்னய்யா குறை?
காரணத்தை எழுதும், அங்கப்பன்."

காரணமா.

அபாதானில் ஒரு மார்ச் மாதம்
தூங்கி எழுந்தால் வருஷம்
ஆயிரத்து நூற்றெண்பது கூடியிருந்தது.
அரசாணை. பழைய பேரரசன் ஒருவனிலிருந்து
எண்ணவேண்டுமாம்.
என் உதவியாள் குலாம்ரெசா விரல்மடக்கிப் பார்த்து
"என் மகள் பிறந்தது எப்போது?" என்றான்.

ஊரில் அவனுக்கும் நிலம் கொடுத்தார்கள்,
ஏர் திரும்ப இடமில்லாத நிலம்.
விற்றுவிட்டு வந்து
தகர டின்னை வெட்டி வீடு கட்டினான்.
சுத்திகரிப்பு ஆலையின் தீ
இரவெல்லாம் கூரையில் ஆடும்.
உள்ளே விளக்குக்கு எண்ணெய் இருக்காது.

விலை ஏறியது. கடைக்காரனைப் பிடித்துப்போனார்கள்.
விலை வெளியேதான் இருந்தது.

நாட்டுக்கு ஒரே கட்சி என்றார்கள்.
பிடிக்காதவன் பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம்.
குலாம் சேர்ந்தான்.
அட்டையைப் பாய்க்கடியில் போட்டு
அதன்மேல் படுத்தான்.
பள்ளிவாசலில் மட்டும் வாயைத் திறக்க முடிந்தது.
அதுவரை தொழாதவனும் போனான்.

இதெல்லாம் பேப்பரில் வந்தது, சார்.
வராதது ஒன்று:
ஒரே குழாய், ஒரே தையல்,
சம்பள மேசையில் என் உறை
அவன் உறையைப்போல் இரண்டு தடிமன்.
(அமெரிக்கனின் உறை அந்த மேசைக்கே வராது.)
ஒருநாள் என் விரல்கள் எண்ணுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
அதன்பிறகு டீயைத் தனியாகக் குடித்தான்.

ஐப்பசியில் வால்வை மூடியவன் அவன்தான்.
மார்கழியில் என் பெட்டியைத் தலையில் வைத்து
பஸ்வரை வந்தவனும் அவன்தான்.
"போ" என்றான். கோபமில்லை.
"வா" என்று சொல்லவுமில்லை.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது.
வாசற்படியில் கஞ்சமலை அடிவாரத்து ஆட்கள்,
உருக்காலைக்கு நிலம் போனவர்கள்,
காலையிலிருந்து செக்குக்குக் காத்திருக்கிறார்கள்.
"ஊருக்கே வேலை வரப்போகுது,
இவர்களுக்கு என்ன குறையோ" என்று
மேலாளர் விசிறிக்கொண்டார்,
என் மனுவால்.

வாங்கி, புரட்சியை அடித்து
'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிக் கொடுத்தேன்.
சரியாகப் பொருந்தியது, நாலு விரற்கடைக்குள்.
முத்திரை விழுந்தது.

படியிறங்கும்போது ஒருவர்
காலை மடக்கி வழிவிட்டார்.
என் பையில் இருந்த பேனாவையே
பார்த்துக்கொண்டிருந்தார்.