இருநூற்றுப் பத்து கனஅடி

ஏழு வருட ரிப்போர்ட் இருக்கிறது
கும்பகோணத்து ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்.
ஒரு காது அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது.
போட்டது என் தங்கை.
அன்று காலை என் விரல் மடங்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி
தஞ்சாவூரில் இறங்கும்வரை
சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தேன்.
எட்டு மணிவரை டம்ளர் பிடிக்க முடியாததை,
சேலைக்குப் பின் குத்த வராமல்
சுடிதாருக்கு மாறியதை,
படி இறங்கினால் முழங்காலுக்குள்
யாரோ அரிசி களைகிற சத்தத்தை.

டோக்கன் நாற்பத்தொன்று.
அவர் தாளைப் பார்த்தார்.
தாளின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார்.
"எல்லாம் நார்மல்மா."
அப்புறம் என் வீட்டுக்காரரிடம்,
"வீட்ல ஏதும் டென்ஷனா சார்?"

இவர் யோசித்தார்.
உண்மையாகவே யோசித்தார், பாவம்.

நான் வாயைத் திறப்பதற்குள்
நாற்பத்திரண்டு உள்ளே வந்து
என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தலைஞாயிற்றில் பாசனப் பிரிவு அலுவலகம்.
தினசரி நீரளவு எழுதுகிறவள் நான்.
ஆறு மணிக்கே மேலே ரெகுலேட்டரிலிருந்து
போனில் சொல்வார்கள், எழுதுவேன்:
அரிச்சந்திரா நதி, இருநூற்றுப் பத்து கனஅடி.
ஆற்றுக்குத்தான் அரிச்சந்திரன் பெயர்.

போன வியாழக்கிழமை
உம்பளச்சேரி வைரக்கண்ணு வந்திருந்தார்.
வாய்க்காலில் நண்டு செத்துக் கிடக்கு,
முளைச்ச பயிர் முளைச்ச மட்டுல கருகுது என்றார்.
நான் பேரேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
"தண்ணி வந்துட்டதாத்தானே இருக்கு இதுல?"

அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.
துண்டு முடிச்சை அவிழ்த்து
வெடித்த மண் ஒரு கட்டி எடுத்து
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பழைய துணியால் துடைத்துப் போட்டேன்.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
போடாமல் என்றைக்கு இருந்தது?
சற்று முன் பாலத்தின் கீழே வெண்ணாறு
கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.
இங்கே போகத்தான் செய்கிறது.
இவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி
உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்,
"நமக்கென்ன டென்ஷன்?"
மடியில் கட்டைப்பை.
அதற்குள் நான் நார்மலாக இருந்தேன்.

மறுநாள் போன் வந்தது.
இருநூற்றுப் பத்து எழுதினேன்.
பக்கத்தில் 'குறிப்புரை' என்று ஒரு கட்டம் உண்டு,
பதினோரு வருடமாக யாரும் தொடாதது.

உம்பளச்சேரி வாய்க்காலில் தண்ணீர் இல்லை.
விவசாயி நேரில் வந்து சொன்னார்.

எழுத்து கோணிக்கொண்டு போய்
அடுத்த தேதியில் இடித்தது.
மணி எட்டாகவில்லை.