மற்றவை

பிப்ரவரி. ஈரி ஏரி உறைந்து கிடக்கிறது.
நாலாம் மாடி ஜன்னலிலிருந்து
கரை எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாது.

இதயப் பிரிவில் இரவுப் பணி, மூன்று இடம்.
வந்தது நாற்பத்தோரு விண்ணப்பம்.
கணினி சலித்துக் கொடுத்துவிட்டது,
நான் புடைக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் இந்தப் பக்கம்.
இரண்டாண்டுக் கல்லூரி அந்தப் பக்கம்.
இரண்டிலும் சேராத ஒரு தாள்
காபிக் கோப்பைக்கு அடியில்.

டெலானி வோய்சிக்.
படித்தது கிரேட்டனில்.
டயர் கடைக்கு மேல் மாடி.
போன ஆகஸ்டில் கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டு
நாற்காலிகளோடு காணாமல் போனார்களே, அந்த கிரேட்டன்.
இவள் கடைசி வகுப்பு.

முதல் இரண்டு இடம் முடிவாக ஐந்து நிமிடம்.
இருவரும் இதே வார்டில் பயிற்சிக்கு வந்தவர்கள்.
கெட்டிக்காரிகள் என்று சொல்லமாட்டேன்.
ஒருத்தி நாடி பிடித்தால்
கடிகாரத்தை இரண்டு முறை பார்ப்பாள்.
ஆனால் போர்வை எந்த அலமாரியில் என்று தெரியும்,
எங்களுக்கு அவள் முகம் தெரியும்.
அத்தனை டாலருக்கு அந்தக் கல்லூரி கொடுப்பதில்
பாதி இதுதான் போலும்:
எங்கள் லிஃப்டில் ஏறி இறங்கிய இரண்டு செமஸ்டர்.

மூன்றாவது இடத்துக்கு டெலானியைக் கூப்பிட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
பயிற்சி எங்கே என்றேன்.
"முதியோர் இல்லத்தில். மீதி நாள் பொம்மையில்.
அதற்கு இடது கை கிடையாது,
எல்லா ஊசியும் வலது கையில்தான் பழகினோம்."
அவள் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்துவிட்டு இருமினேன்.

உரிமத் தேர்வில் எண்பத்தைந்தாம் கேள்வியோடு
திரை அணைந்துவிட்டதாம்.
தோற்றுவிட்டோமென்று
காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம்.
தேறியிருந்தாள்.
கடன் எவ்வளவென்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.
என் முதல் வீட்டின் விலை.

விடிய மூன்று மணி, மானிட்டர் அலறுகிறது,
ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வாய்?
"தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்வேன்.
யாராவது ஓடிவரும்வரை
கட்டிலை விட்டு நகரமாட்டேன்."

இதற்கு மதிப்பெண் போட
படிவத்தில் கட்டம் இல்லை.

அவள் போன பிறகு பெயரைப் பதிய உட்கார்ந்தேன்.
'படித்த நிறுவனம்' என்ற இடத்தில்
அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் விரியும்.
கிரேட்டன் இல்லை.
மனிதவளத்துறை பிராட்லியை அழைத்தேன்.
"மூடிப்போனதையெல்லாம் எடுத்துவிட்டோம், மார்லீன்.
வேறு ஆளைப் பாருங்களேன்."

போனை வைத்தேன்.
என்னவோ தோன்றி
என் பள்ளியைத் தட்டிப் பார்த்தேன்.
புனித ஓடிலியா மருத்துவமனைச் செவிலியர் பள்ளி,
தொண்ணூற்று மூன்றாம் வருடம், பதினெட்டு பேர்.
கட்டடம் இருந்த இடத்தில் இப்போது மெத்தைக் கடை.
பட்டியல் ஒரு கணம் யோசித்தது.
வெற்றுத் திரை.

எந்தப் பட்டியலுக்கும் அடியில் ஒரு சொல் இருக்கும்,
இழுத்துக்கொண்டே போனால் வரும்.

இழுத்துக்கொண்டே போனேன்.