மல்லி டப்பாவுக்கு இடப்பக்கம்

ஆறு தடவை தோற்றேன்.
ஏழாவது தடவை அட்டையோடு வந்தேன்.
அட்டையில் இருப்பவள் முதல் தடவைக்கு முந்தையவள்,
என்னைவிடக் கொஞ்சம் மெலிந்தவள்,
எதுவும் தெரியாமல் சிரிக்கிறாள்.

எங்கள் வீட்டில் நன்றி சொல்லிப் பழக்கமில்லை.
அது மேடையில் சொல்வது,
மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது.
உப்பை எடு என்றால் எடுத்து நீட்டுகிற ஆட்களிடம்
எந்த முகத்தோடு அதைச் சொல்ல?
அதனால் வெள்ளிக்கிழமை சமைப்பதென்று முடிவு செய்தேன்.

பெலிக்ஸுக்குப் பாறைமீன் குழம்பு.
ஆறு தோல்விக்கும் பணம் கட்டியவர்,
கட்டக் கட்ட ஊருக்குப் போகும் டிக்கெட்
டிசம்பரிலிருந்து ஈஸ்டருக்கு, ஈஸ்டரிலிருந்து எங்கோ.

ரோவனுக்கு மீன்தலை.
சாப்பாட்டு மேசையில்
மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு
நாலு டப்பாவையும் கம்பமாய் நட்டு
பழைய பொம்மைக் காரைப் பின்னால் இழுத்து
"மல்லி கண்ணாடியில தெரிஞ்சதும் முழுசா ஒடிங்க மம்மி" என்று
கெமிஸ்ட்ரிப் பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூடச் சொன்னவன்.

செரினுக்குச் சொதி, இஞ்சித் துவையலோடு.
ஒவ்வொரு தடவையும் வாங்கிவைத்த லட்டுப் பெட்டியை
நான் கதவைத் திறக்கும் சத்தத்தைக் கேட்டே
ஃப்ரிட்ஜில் கீரைக்குப் பின்னால் ஒளித்தவள்.

மீன் வாங்க நானே ஓட்டிப்போனேன். தனியாக.
ஷார்ஜா ஜுபைல் மார்க்கெட்டில் மேசைதோறும் பனிக்கட்டி.
நம்ம பாறைக்கு இங்கே ஜெஷ் என்று பேர்.
செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல சிவப்பு.
வங்காளப் பையன் வெட்டினான்,
தலையைத் தனியாகக் கட்டச் சொன்னேன்.
அதுவரைக்கும் நான் ராணி.

திரும்பும்போது ஒரு எக்ஸிட்டை விட்டேன்.
இந்த ஊரில் ஒன்றை விட்டால்
அடுத்தது மன்னிக்க அவசரப்படாது.
பின்னால் ஒரு லேண்ட்க்ரூஸர் லைட்டை அடித்து அடித்து
என்னை ஓரமாய்த் தள்ளியது.
அஜ்மான் போனது. உம்மல்குவைன் பலகை வந்தது.
ஒட்டகம் போட்ட முக்கோணம்கூட வந்தது.
டிக்கியில் மீன், வெளியே நாற்பத்து நாலு டிகிரி.
ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை,
ஏழு தடவை படித்த சட்டம்.

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி
இரண்டு பை ஐஸ் வாங்கினேன்.
ஒன்றை மீனுக்குப் போர்த்தினேன்.
மற்றதை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் அழுதேன்.
பிறகு யூ-டர்ன்.

வீடு வந்தபோது மணி மூன்று.
கதவைத் திறந்தால் ரசம் மணக்கிறது.
குக்கர் இறங்கியிருக்கிறது.
பெலிக்ஸ் தேங்காய் துருவுகிறார், விரலில் பிளாஸ்டர்.
கிண்ணத்தில் புளி, பத்து பேருக்கு ஆகும் அளவுக்கு.
"பசிச்சுது, அதான்" என்றான் ரோவன்,
யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

எனக்குக் கோபம் வந்தது.
ஒரு நாள். ஒரே ஒரு நாள்
உங்களை உட்காரவைத்துப் பரிமாறலாமென்றால்
அதிலும் பாதியை நீங்களே செய்துவிட்டால்
இதையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?
கேட்கவில்லை.
மீனைக் கல்லுப்புப் போட்டு அலசினேன்,
தேவைக்கு மேலேயே இரண்டு தடவை.

மல்லித்தூளைத் தேடினால் அடுக்கில் இல்லை.
மேசையில் இருந்தது,
செவ்வாய் ராத்திரி நட்ட இடத்திலேயே.
இடப்பக்கத்தில் பொம்மைக் கார்,
கோணாமல், தொடாமல், நடுவில்.
நான் நிறுத்தியதுதான்.
காரை நகர்த்தாமல் டப்பாவை மட்டும் எடுத்தேன்.

நாலரைக்குச் சாப்பிட்டோம்.
சொதிக்கு நேரமில்லை, அடுத்த வாரம்.
குழம்பில் புளி தூக்கல், யாரும் சொல்லவில்லை.
செரின் எழுந்துபோய்க்
கீரைக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்துவந்தாள்.
ஏழாவது தடவையும் ஒளித்திருக்கிறாள்;
அன்றைக்கும் அழுதுகொண்டேதானே கதவைத் திறந்தேன்.
லட்டு கல்லாகியிருந்தது. கடித்தோம்.

பெலிக்ஸ் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.
நான் எழுவதற்குள்
அவரே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்,
எனக்கும் சேர்த்து.