கீறல் உண்டு, பொதுவாக நன்று

போரா காற்று அடிக்கும் நாளில்
திரியெஸ்தேயில் யாரும் குடை விரிப்பதில்லை.
சுவரோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஏலக்கூடத்துக்கு ஏறினேன்.
உள்பையில் அறுநூறு யூரோ.
அதற்குமேல் கைதூக்குவதில்லை என்று
எனக்கு நானே செய்துகொண்ட சத்தியம்.

காளைக்காகத்தான் வந்தேன்.
வெண்கலம். கட்டைவிரல் நீளம். இரண்டாயிரம் வயது.
எந்தத் தெய்வத்துக்கோ எவனோ நேர்ந்துவிட்டது.
ஒரு கொம்பு இல்லை.
முந்தின நாள் பார்வைக்கு வைத்திருந்தபோது
உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன்:
நாற்பத்தொரு கிராம்.
துறைமுகத்துக் காப்பிக் கிடங்கில்
முப்பது வருடம் மூட்டை நிறுத்த கை,
தராசு கேட்காது.
அதன் முதுகில் படிந்த களிம்பு
மழைக்கு முந்தைய கடலின் பச்சை.
அந்தப் பச்சையைத் தேய்த்துக் கழுவுகிறவனைச்
சிறையில் போட வேண்டும்.

எண் நூற்றிப் பதினாறு என்று கூவினான்
எஜீதியோ பிரேகார்ட்ஸ், மூக்கடைத்த குரலில்.
முந்நூறில் பல் மருத்துவர் கழன்றுகொண்டார்.
ஐந்நூறில் மிஞ்சியது நானும் ஒரு தொலைபேசியும்.
அறுநூறு என்றேன்.
ரிசீவரைக் காதில் இடுக்கியிருந்த பெண்
எங்கோ யாரிடமோ கிசுகிசுத்தாள்:
எழுநூறு.
என் சத்தியம் ஆயிரம்வரை நீண்டு கொடுத்தது,
ஆயிரத்து நூறில் அறுந்தது.
ஒரு தரம்.
இரண்டு தரம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
ஒரு மனிதன் எதையெல்லாம் விற்றுப்பார்க்கிறான் தெரியுமா,
குளிர்காலக் கோட்டு,
தம்பிக்குப் பாதி பாத்தியதையுள்ள படகு,
மூன்று தரம்.
காளை கம்பி வழியாகவே போய்விட்டது.

வெறுங்கையோடு இறங்குவதா என்ற வீம்பில்
அடுத்த எண்ணுக்கே பலகையைத் தூக்கினேன்.
பிஸ்கட் டின் ஒன்றில் பதினொரு பதக்கங்கள்:
பாலத் திறப்புவிழா, புறாப் பந்தயம்,
தீயணைப்புப் படைக்கு ஐம்பது வயது,
யாரோ ஒரு பிஷப்பின் மூக்கு.
பின்வரிசையில் இன்னொரு பலகை
எழுந்து எழுந்து அடங்கியது.
எண்பத்தைந்துக்கு என்னுடையதாயிற்று.

படிக்கட்டில் வழிமறித்தார்.
எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நீலக் கோட்டு.
நெரீனா என்றார், கைகொடுக்காமல்.
எல்லாம் வேண்டாம்,
ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்.

காப்பிக் கடை மேசையில் டின்னைக் கவிழ்த்தேன்.
அவர் விரல் பிஷப்பைத் தள்ளியது,
பாலத்தைத் தள்ளியது, நின்றது.
பெண்கள் படகுப் போட்டி, நால்வர் துடுப்பு,
மூன்றாம் இடம், 1966.
பின்புறம் நான்கு பெயர்கள்.
மூன்றாவதன்மேல் யாரோ ஆணியால்
போட்டுப் போட்டுக் கீறியிருந்தார்கள்,
ஒருநாள் கோபம் அல்ல, பல நாள் வேலை.
இதைத்தான் விவரப்பட்டியல்
கீறல் உண்டு, பொதுவாக நன்று
என்று எழுதியிருந்தது.

நான்காவது பெயர் நெரீனா.

விளக்கடியில் பதக்கத்தைச் சாய்த்தார்,
தேர்ந்த வியாபாரி மாதிரி,
வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி.
உதடு அசைந்தது.
இன்னும் படிக்க முடிகிறது என்றார்.
அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா எரிச்சலா,
எனக்கு நிறுக்கத் தெரியவில்லை.

எடுத்துக்கொள்ளுங்களேன் என்றேன்,
ஒரு காப்பிக்கு ஈடாக.
எதற்கு, பார்த்தாயிற்றே என்றார்.
இரண்டு காப்பிக்கும் காசை வைத்துவிட்டுத்
தெருவில் இறங்கினார்.
கயிற்றைத் தொடவில்லை.
காற்றுக்கு முதுகைக் கொடுத்துப்
பின்னோக்கியே நடந்தார்,
துடுப்பு வலிக்கிறவர்கள்
போகுமிடத்தைப் பாராமல் போவார்களே, அப்படி,
முகம் என் பக்கமாய்,
மூலை திரும்பும்வரை.

பக்கத்துக் கதவு ஸ்தான்கா
துலக்கித் தரவா என்று கேட்டாள்,
எலுமிச்சையும் உப்பும் போட்டால் பளபளக்குமாம்.
டின்னை அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

மூன்றாவது பெயரை
நான் இன்னும் படிக்கவில்லை.
விளக்கு இருக்கிறது.
எப்படிச் சாய்ப்பதென்றும் தெரியும்.