பூப்பக்கம்

கைகழுவும் தொட்டிக்கும் கதவு மூடாத அலமாரிக்கும் நடுவே
என் மேசை.
ஸ்விஷ்தோவ் அருங்காட்சியகத்தின் பின்னறை.
நூற்றுப் பதினேழு வெள்ளிக்காசுகள்,
கலப்பைக் கொழு உடைத்த பானையிலிருந்து
கட்டியாக வந்தவை,
பச்சைக் களிம்பில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி.

ஒரு நாளைக்கு இரண்டு முகம்தான் முடியும்.
மூங்கில் குச்சி, வடிநீர், மறுபடி மூங்கில் குச்சி.
முதலில் மூக்கு வரும்.
பிறகு கொண்டை.
ரோமின் பேரரசிகளுக்குத் தலையைவிடக் கொண்டை கனம்:
ஒருத்திக்கு அலையலையாய்,
ஒருத்திக்குப் பின்னலைச் சுருட்டித் தேன்கூடு மாதிரி.
ஒருத்தி கன்னத்தில் உளி வெட்டு.
உள்ளேயும் வெள்ளிதானா என்று
எவனோ பார்த்திருக்கிறான்.

திருப்பினால் பூப்பக்கம். தெய்வங்கள்.
மயிலோடு ஜூனோ,
ஆப்பிளோடு வீனஸ்,
முக்காட்டை இரண்டு விரலால் இழுத்துவிடும்
கற்புத் தெய்வம்.
அவள் முக்காடு தேய்ந்தே போயிருக்கிறது.
எத்தனை கட்டைவிரல்களோ.

டான்யூப் கரையில் குளிரில் காவல் நின்ற
சிப்பாய்களின் சம்பளம் இது.
ரோமிலிருந்து கோவேறு கழுதைமேல் வந்திறங்கிய பெண்கள்.
புதைத்தவன் ஏன் திரும்பவில்லை என்று
பானையிடம் கேட்க முடியாது.

வியாழக்கிழமை ராங்கேல் வந்தான்,
பானையை உடைத்த டிராக்டர்காரன்.
காலணி மண்ணைப் பார்த்துக்கொண்டு
வாசலிலேயே நின்றான்.
"இதில் யார் ராணி, யார் சாமி?"
உருப்பெருக்கியைக் கொடுத்தேன்.
தட்டு முழுக்க இருக்க
அவன் பார்த்தது ஒரே காசை:
இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் இரண்டு,
மக்கட்பேறு என்று பெயர் சூட்டிய தெய்வம்.
"பிள்ளைகளோடேயே இருக்கிறாள் இவள்," என்றான்.

அப்புறம், ஜன்னலைப் பார்த்து:
"எங்கள் தெமெனுகா ரோமில்தான் இருக்கிறாள்.
ஆறு வருஷம்.
ஒரு கிழவியைக் குளிப்பாட்டுகிறாள்,
ஊட்டுகிறாள், தூங்கவைக்கிறாள்.
ஐந்தாம் தேதி தவறாமல் பணம் வந்துவிடும்,
கைபேசியில், ஓர் எண்ணாக.
சின்னவன் அந்த எண்ணை
சத்தமாக வாசிப்பான்."

கையுறை தேடினேன்.
திரும்புவதற்குள் எடுத்துவிட்டான்,
வெறுங்கையால்,
சூடான ரொட்டியைத் தொடுகிறவன் போல.

அவன் போனதும் பதிவேட்டைத் திறந்தேன்.
எடை மூன்று புள்ளி ஒன்று கிராம்.
விட்டம், உலோகம், தேய்மானம்.
கட்டைவிரல் ரேகை, எண்ணெய் மினுங்க,
தெய்வத்தின் மடிமேல் கிடந்தது.
உடனே துடைக்க வேண்டும், அதுதான் விதி.
நாளைக்குத் துடைக்கலாம் என்று
விளக்கை அணைத்தேன்.
இன்னும் அறுபத்து மூன்று காசு பாக்கி.